ஆண்டுக்கும் ஊருக்கும் அரசன் பெயர்

1905இல் திருவாலங்காட்டில் கிடைத்த 31 செப்பேடுகள் சோழர் வரலாற்றின் தலையாய ஆவணங்களுள் ஒன்று. பக்கத்து ஊரான பழையனூரை இங்குள்ள சிவன் கோயிலுக்குக் கொடையளித்த முதலாம் இராசேந்திரனின் ஆணை அது.

எந்த ஆண்டில்? மன்னனின் ஆறாம் ஆட்சியாண்டில் என்கிறது தமிழ்ப் பகுதி. 1012இல் அவன் பட்டம் பெற்றதிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 1018. அடுத்த மன்னன் வந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ரோமானியரும் தொடர் எண்ணைப் பெரிதும் நம்பவில்லை. ஆண்டுதோறும் பதவியேற்ற கான்சல் என்னும் தலைமை ஆட்சியாளர் இருவரின் பெயராலேயே அந்த ஆண்டைக் குறித்தனர். மன்னர் வரிசையோ கான்சல் பட்டியலோ கையில் இல்லாதவருக்கு இந்தத் தேதிகள் பிடிபடா. வரலாற்றாசிரியர்கள் அந்த வரிசைகளைச் சரிபார்க்கப் பெரும்பாடு பட்டது அதனால்தான்.

ஊர்ப் பெயரிலும் அரசன் இருக்கிறான். இப்பகுதி பழைய தொண்டை மண்டலம். செப்பேட்டிலோ ஜெயங்கொண்ட சோழ மண்டலம். ஜெயங்கொண்டான் என்பது இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசனின் பட்டப்பெயர். ரோமானியரிடமும் இவ்வழக்கம் உண்டு: ஸ்பெயினில் அகஸ்டஸ் பேரரசன் பெயரால் ரோமானியர் நிறுவிய சீசரகஸ்டா நகரம் இன்றைய சரகோசா.

மண்டலத்தின் பெயர் வழக்கொழிந்தது. பழையனூர் அதே பெயரோடு அருகிலேயே இருக்கிறது. கோயிலைப் பார்த்தபின் அங்கும் ஒரு நடை போய்வாருங்கள்.