உயரம் குறைந்தது, விளைச்சல் உயர்ந்தது!

பயிருக்கு உரமிட்டால் விளைச்சல் பெருகும் என்பது நாம் அறிந்ததே. ஆனால், உரம் மிகுந்ததனாலேயே விளைச்சலை இழந்த பயிர் ஒன்று உண்டு. பழைய நெட்டைக் கோதுமைதான் அது! இது எப்படி என்று பார்ப்போமா?

இலையிலுள்ள பச்சையத்திலும் மணியிலுள்ள புரதத்திலும் நைட்ரஜன் இருக்கிறது. ஆகவே, அது இல்லாமல் எந்தப் பயிரும் வளராது. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. எனினும் கோதுமையால் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. மண்ணில் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ இருப்பதைத்தான் வேர்கள் உறிஞ்சுகின்றன.

வட இந்தியாவின் பழைய கோதுமை வகைகள் நான்கு, ஐந்து அடி உயரம் வளர்ந்தன. சத்துக் குறைந்த நிலத்திலும் அவை தாக்குப்பிடித்தன. வைக்கோலும் ஏராளமாகக் கிடைத்தது. நைட்ரஜன் உரத்தை அதிகமாக இட்டபோதோ, தண்டு மேலும் நீண்டது, கதிர் கனத்தது. சற்றுப் பலமாகக் காற்றடித்தால் பயிர் தரையில் சாய்ந்துவிட்டது!

இதற்குத் தீர்வு ஜப்பானிலிருந்து வந்தது. அங்கு 1935-இல் வெளியான 'நோரின் 10' என்ற கோதுமை மிகக் குட்டையானது. 1946-இல் அதன் விதை அமெரிக்கா சென்றது. அங்கே ஆர்வில் வோகலும், மெக்சிகோவில் நார்மன் போர்லாக்கும் அதன் வழியில் குட்டை ரகங்களை உருவாக்கினர். 1966-இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதையை வரவழைத்தது. 1964-65-இல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த நம் கோதுமை விளைச்சல், 1970-71-இல் சுமார் 2 கோடியே 38 லட்சம் டன் ஆயிற்று. பாசனமும் உரமும் இதற்குத் துணை நின்றன.

குட்டைக் கோதுமையின் இரகசியம் என்ன? தண்டை நீளச் செய்யும் ஹார்மோன் ஜிப்பரலின். குட்டை ரகத்தில் மாறியுள்ள ஒரு ஜீன், இந்த ஹார்மோனின் கட்டளைக்குப் பயிரைச் செவிசாய்க்க விடுவதில்லை. தண்டுக்குச் செல்ல வேண்டிய உணவு கதிருக்குச் செல்கிறது. பழைய கோதுமையில் தரைக்கு மேலுள்ள எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கே மணி. புதியதில் ஏறத்தாழ பாதி!

அப்படியானால் புதிய ரகத்திற்கு உரமே வேண்டாமா? இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843 முதல் நடந்துவரும் சோதனை இதற்கு விடை தருகிறது. அங்கே எந்த உரமும் பெறாத பாத்தியில், பழைய ரகமானாலும் புதிய ரகமானாலும் ஹெக்டேருக்குச் சுமார் 1 டன்தான் கிடைக்கிறது. உரமிட்ட பாத்திகளிலோ புதிய ரகம் பன்மடங்கு விளைகிறது. குட்டை ரகம் நைட்ரஜனை உண்டாக்குவதில்லை. கொடுத்ததை மணியாக மாற்றும் திறமையே அதனுடையது.

ஆனால் ஒரு குறை. இடும் நைட்ரஜனில் பெரும்பகுதி மணியைச் சேர்வதில்லை. நைட்ரேட்டாகிக் கரைந்து நிலத்தடி நீரைக் கெடுக்கிறது, வாயுவாகவும் வெளியேறுகிறது. மேலும், குட்டையாக்கிய அதே ஜீன் நைட்ரஜனை உறிஞ்சும் வேகத்தையும் குறைப்பதாக 2018-இல் விஞ்ஞானிகள் கண்டனர்!

வழி இல்லாமலில்லை. ஒரு காட்டுப் புல்லின் வேரில் கசியும் பொருள், அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை அடக்குகிறது. இப்பண்பைக் கோதுமைக்கு மாற்றியதை 2021-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். நேற்று தண்டைத் திருத்தினோம். இனித் திருத்த வேண்டியது வேரை. அந்தப் பணியில் நாளை நீங்களும் ஈடுபடலாம் அல்லவா?