தோற்ற சேவலுக்கு ஓர் இடம்

பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து குடியேறிய நம்மவர் பலருக்கு வீட்டின் பின்புறத்தில் ஒரு துண்டு நிலம் வாய்த்திருக்கிறது. முருங்கையும் கறிவேப்பிலையும் நின்ற அவ்விடத்தில் இப்பொழுது கோழிகளும் மேய்கின்றன. சங்கத்துக் கூட்டங்களில் சந்திக்கும்போது அன்பர்கள் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு: “இரண்டு சேவல்கள் ஒன்றையொன்று கொன்றுவிடும் போல் இருக்கின்றனவே, என்ன செய்வது?” என்பதே அது. ராஞ்சி நகரின் ஓரத்தில் வாழும் எங்கள் வீட்டில் நிகழ்ந்ததை இங்கு எழுதுகிறோம். நாங்கள் செய்த பிழையைப் பிறர் செய்யாதிருத்தல் வேண்டும் என்பதே நோக்கம்.

ஈராண்டுகளுக்கு முன்பு, எதிர்வீட்டில் வாழும் இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் நாட்டுக்கோழி முட்டைகள் 11 கொடுத்தார். பாட்டி அவற்றை அடைக்கோழியின் கீழ் வைத்தார். 21ஆம் நாளில் 9 குஞ்சுகள் வெளிவந்தன. அவற்றுள் ஐந்து பெட்டைகள், நான்கு சேவல்கள். ஐந்து மாதம் வரையில் யாவும் ஒரு தாய் மக்களாகவே திரிந்தன. பிறகு சேவல்களின் கொண்டை சிவந்தது, கூவத் தொடங்கின, பூசலும் தொடங்கிற்று. இரண்டு சேவல்கள் விருந்துக்குச் சென்றன, இதனை மறைப்பதற்கில்லை. எஞ்சிய இரண்டிற்கும் குழந்தைகள் மூத்தவன், இளையவன் என்று பெயரிட்டிருந்தமையால் அவற்றின்மீது கைவைக்க எவருக்கும் மனம் வரவில்லை.

சில நாட்கள் மோதியபின், இளையவன் மூத்தவனுக்கு வழிவிட்டு ஒதுங்கக் கற்றுக்கொண்டது. கோழிக்கூட்டத்தில் இன்னது முதல், இன்னது அடுத்தது என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டரப் எப்பே, சிறுவயது முதல் கோழிகளைக் கவனித்துவந்து, 1920களின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்து எழுதினார். எது எதைக் கொத்தலாம் என்பது முடிவாகிவிட்டால் பூசல் பெரும்பாலும் அடங்கிவிடும். எங்கள் வீட்டிலும் அடங்கிற்று.

அதனைக் கெடுத்தவர்கள் நாங்களே. இளையவனின் காலில் முள் தைத்துப் புண்ணாகவே, அதனை மூன்று வாரம் தாழ்வாரத்தில் வைத்துப் பேணினோம். குணமானதும் ஒரு நண்பகலில் முற்றத்தின் நடுவே கொண்டுபோய் விட்டோம். மூத்தவனுக்கு அது உடன்பிறப்பாகத் தோன்றவில்லை; எல்லை புகுந்த அயலானாகவே தோன்றிற்று. பெண்டிர் சமையலறையிலிருந்து ஓடிவருவதற்குள் இளையவன் சுவரோரத்து மூலையில் அகப்பட்டுக்கொண்டது. அதன் ஒரு கண் போயிற்று. அன்று பாட்டி உணவு கொள்ளவில்லை.

குறுந்தொகையின் 305ஆம் பாடலைப் பாடியவருக்குக் குப்பைக்கோழியார் என்று பெயர். ஏவிவிடுவாரும் இன்றி, இடைபுகுந்து விலக்குவாரும் இன்றித் தாமே பொரும் குப்பைக் கோழிகளைத் தலைவியின் துயருக்கு உவமை கூறியதனால் வந்த பெயர் அது. நம் முற்றத்துச் சேவல்களின் நிலை அத்தகையதன்று. அவற்றை அங்கே அடைத்து வைத்தவர்கள் நாம். விலக்கும் கடமையும் நம்முடையதே.

சேவல் ஏன் இவ்வளவு மூர்க்கமாகப் பொருகிறது? வீட்டுக்கோழியின் மூதாதையாகிய சிவப்புக் காட்டுக்கோழி, இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடுவிந்தியாவின் கிழக்குக் காடுகளிலும் இன்றும் வாழ்கிறது. அங்கே வலிய சேவல் தன் எல்லையையும் பெட்டைகளையும் காக்கிறது. தோற்றது புதருக்குள் மறைந்து, வேற்றிடம் நோக்கிப் போய்விடுகிறது. சண்டை அத்துடன் முடிகிறது. நம் முற்றத்திலோ நாற்புறமும் சுவர். தோற்ற சேவல் ஓடுகிறது. ஓடியும் வென்றதன் கண்ணிலேயே படுகிறது. ஆகவே முடியவேண்டிய சண்டை முடிவதில்லை. குற்றம் சேவலின் குணத்தில் மட்டுமன்று, நாம் கொடுத்த இடத்திலும் இருக்கிறது.

எனவே எல்லாச் சண்டையிலும் தலையிட வேண்டுவதில்லை. கழுத்து மயிரைச் சிலிர்த்து, இறகைத் தாழ்த்தி வட்டமிட்டு, இருமுறை பாய்ந்தபின் ஒன்று புறங்காட்டினால், அது வரிசை அமைக்கும் முயற்சியே, விட்டுவிடலாம். இரத்தம் கண்டாலோ, இரண்டும் விட்டுக்கொடாமல் நீடித்தாலோ, தோற்றது மூலையில் அகப்பட்டாலோ, தீனிக்கும் தண்ணீருக்கும் வரமுடியாமல் தடுக்கப்பட்டாலோ உடனே பிரித்தல் வேண்டும்.

பிரிக்கும்போது கையையோ காலையோ இடையில் நீட்டலாகாது. சேவலின் கால்முள் ஆழமாகப் பாயும். ஒன்றன்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிடுவது எளிய வழி. அஃது இல்லையேல் கனத்த துணியைப் போர்த்தலாம். ஒரு பலகையை நடுவே நிறுத்தலாம். காயத்தைக் காய்ச்சி ஆறிய உப்புநீரால் கழுவி, தூய துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துக. ஈ மொய்க்காமல் காத்திடுக. இரத்தத்தைக் கண்டால் பெட்டைகளும் கொத்தும். ஆதலின் காயம் ஆறும் வரையில் தனியே வைத்தல் இன்றியமையாதது. கண்ணில் பட்ட காயத்தைக் கால்நடை மருத்துவரிடமே காட்டுக.

பிரிந்திருந்ததை மீண்டும் சேர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அதனை நாங்கள் காலங்கடந்தே அறிந்தோம். நோயுற்ற சேவலைக் கண்மறைவாக வைத்தல் கூடாது. முற்றத்திலேயே கம்பிவலை அடித்து, ஒன்றையொன்று பார்க்கலாம், தீண்டமுடியாது என்னும் வகையில் இரண்டொரு வாரம் வைத்தல் வேண்டும். பிறகு நாம் பக்கத்தில் இருக்கும் ஒரு வேளையில் திறந்துவிட வேண்டும்.

இடத்தையும் சீர்செய்தல் வேண்டும். தீனித்தட்டும் தண்ணீர்க்கலமும் எட்ட எட்ட இரண்டிடத்தில் இருக்கட்டும். நடுவே ஒரு தட்டியோ, விறகு அடுக்கோ, செடிப்புதரோ இருந்தால் தோற்றது கண்ணுக்கு மறைந்து ஒதுங்கும். முட்டுச்சந்து போன்ற மூலைகளை அடைத்துவிடுக. வெவ்வேறு உயரத்தில் மூங்கிற்கழிகள் கட்டினால் மேலேறித் தப்பும். வெளியில் கோழி ஒன்றுக்கு 10 சதுர அடியேனும் வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையானது கணக்கு. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் இருத்தல் நலம். எங்களிடம் தாய்க்கோழியையும் சேர்த்து ஆறு பெட்டைகளே இருந்தன. அவற்றிற்கு இரண்டு சேவல்கள் மிகை. முட்டை மட்டும் வேண்டுவோர் ஒன்றை நினைவிற்கொள்க: சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிப்பதற்கே சேவல் வேண்டும்.

கம்பிவலையும் தட்டியும் அமைத்தபின்னரும் எங்கள் மூத்தவன் அடங்கவில்லை. அச்சமயத்தில் ஒருவர் வந்து, இளையவனுக்குக் கண் இல்லையாதலால் மூத்தவனை விலைக்குக் கேட்டார். சந்தையில் கிடைப்பதினும் மும்மடங்கு விலை கூறினார். இப்பக்கத்து வாரச்சந்தைகளில் சேவலின் காலில் கத்தி கட்டிப் போரிட விடுவதுண்டு. அதற்காகவே கேட்டார் என்பது எங்களுக்குப் புரிந்தது. மாதக்கடைசி, குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தும் வேளை. வீட்டில் இருவேறு கருத்து எழுந்ததை ஒப்புக்கொள்கிறோம். விலங்குகளை மோதவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று ஒருவர் எடுத்துரைத்தார். பாட்டி சட்டம் பேசவில்லை. “ஒன்றின் கண் போனதைப் பார்த்தது போதாதா?” என்று மட்டும் கேட்டார். வந்தவர் திரும்பிப் போனார்.

இறுதியில் வழி காட்டியவர் முட்டை கொடுத்த எதிர்வீட்டுப் பெரியவரே. மூன்று தெரு தள்ளி வாழும் அவருடைய மகள் வீட்டில் எட்டுப் பெட்டைகள் இருந்தன, சேவல் இல்லை. ஓர் இரவில், கோழிகள் கழியில் உறங்கும்போது, இளையவனைக் கூடையில் வைத்து அங்கே கொண்டுபோனோம். ஒரு கண் இல்லாவிடினும் போட்டி இல்லாத இடத்தில் அதற்குக் குறையொன்றும் இல்லை. பத்தே நாளில் கொண்டை சிவந்து, முன்னின்று இரை காட்டிப் பெட்டைகளை அழைக்கத் தொடங்கிற்று. அதன் வழிவந்த குஞ்சுகள் இரண்டு இப்பொழுது எங்கள் முற்றத்தில் மேய்கின்றன. இரண்டும் பெட்டைகள்.

நம் வீடுகளில் அடைவைக்கும் அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவலாகவே இருக்கும். அவற்றை எங்கே வைப்பது, எவருக்குக் கொடுப்பது என்பதைக் கொண்டை சிவந்தபின் சிந்திப்பதினும், முட்டையை அடையில் வைக்கும் நாளிலேயே சிந்தித்துவிடுதல் நன்று.