பழைய எஸ்யுவிக்கு வேண்டியது ஆக்டேனா, சுத்தமா?

பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் எஸ்யுவியைப் பாசத்தோடு பராமரிப்பவர்களுக்குப் பங்க்கில் எப்போதும் ஒரு குழப்பம். சாதாரண பெட்ரோல் போதுமா, விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட வேண்டுமா? டேங்க்கில் ஊற்றும் ‘அடிட்டிவ்’ பாட்டில் பலன் தருமா?

முதலில் ஆக்டேன். ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வருவதற்குள், மீதிக் கலவை தானாகவே வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. அதற்கும் சக்திக்கும் நேரடித் தொடர்பில்லை. சுத்தப்படுத்தும் குணமும் அதற்கில்லை. கையேடு 91 ஆக்டேன் போதும் என்று சொல்லும் இன்ஜினுக்கு 100 ஆக்டேன் ஊற்றினால் பெரிதாக எதுவும் கூடாது. ஆனால் சிலிண்டருக்குள் கரி படிந்தால் அழுத்தமும் வெப்பமும் கூடி, மலைப்பாதையில் ஏறும்போது ‘டிக் டிக்’ என்று நாக்கிங் கேட்கும். அதிக ஆக்டேன் அந்தச் சத்தத்தை அடக்கும், கரியை அகற்றாது.

கரி எப்படிச் சேர்கிறது? வண்டியை நிறுத்திய பிறகும் இன்ஜின் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். இன்ஜெக்டர் முனையில் தங்கிய துளிப் பெட்ரோல் அந்தச் சூட்டில் வெந்து பிசினாக இறுகுகிறது. தினமும் இப்படி நடந்தால், சீராகத் தூவ வேண்டிய பெட்ரோல் ஒழுங்கின்றிப் பீய்ச்சும். இன்டேக் வால்வின் பின்புறம் சேரும் கரியோ பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உதறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கேதான் டிடர்ஜென்ட் கைகொடுக்கிறது. தரமான சுத்திகரிப்பான்களில் இருப்பது பாலிஈதர் அமைன். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி இழுப்பதுபோல, இதன் மூலக்கூறின் ஒரு முனை கரியைப் பற்றும். மறுமுனை பெட்ரோலோடு கலந்து அதைப் பெயர்த்து எடுத்துச்செல்லும். அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் டிடர்ஜென்ட் கட்டாயம். அந்த அளவு போதாது என்று பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா நிறுவனங்கள் 2004இல் ‘டாப் டயர்’ என்ற கூடுதல் தரத்தை வகுத்தன. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016இல் இன்ஜின்களை 100 மணி நேரம் ஓட்டிச் சோதித்தது. அந்தத் தரம் இல்லாத பெட்ரோல், வால்வுகளில் சராசரியாக 19 மடங்கு அதிகக் கரியைச் சேர்த்திருந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எங்கே படுகிறதோ அங்கேதான் டிடர்ஜென்ட் வேலை செய்யும். எம்பிஎஃப்ஐ ஜிப்ஸி போன்ற வண்டிகளில் பெட்ரோல் வால்வின் மேல் தூவப்படுவதால் பலன் உண்டு. ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்டில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. அதன் வால்வுக் கரியை எந்தப் பாட்டிலும் தொடாது. மெக்கானிக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். தேய்ந்த பிஸ்டன் ரிங்கையும் எந்த அடிட்டிவும் சரிசெய்யாது. ‘ஆக்டேன் பூஸ்டர்’ வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: ஃபெர்ரோசீன் கலந்தவை, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் செந்நிற இரும்புத் துருவைப் படியவிடும். அதன் வழியே மின்சாரம் கசிந்து ஸ்பார்க் கெடும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20க்காக வடிவமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 6-7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உப்பவைக்கும்; டேங்க்கில் ஒட்டியிருந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும்; காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். இவற்றுக்குப் பாட்டிலில் மருந்தில்லை.

ஆகவே முதல் செலவு ஃபில்டருக்கும், எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், ஓ-ரிங்குகளுக்கும் இருக்கட்டும். கூட்டம் வந்துபோகும் பங்க்கில் பெட்ரோல் போடுங்கள். அங்கே அது நாள்பட்டுத் தேங்காது. பாலிஈதர் அமைன் உள்ள சுத்திகரிப்பானை, ஆயில் மாற்றும் நாளுக்குச் சற்று முன், சொன்ன அளவில் மட்டும் ஊற்றுங்கள். ஆயிலில் கலந்த மிச்சமும் அதோடு வெளியேறிவிடும்.

பெட்ரோல் நிறுவனங்கள் ஆக்டேன் எண்ணைப் பெரிதாக எழுதி விற்கின்றன. டிடர்ஜென்ட் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். கூடுதல் விலை கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.