பிரசவத்துக்குப் பின்னும் ஒரு சோதனை

நம் அங்கத்தினர் வீடுகளில் கருவுற்ற பெண்ணுக்குச் சர்க்கரை கண்டிருப்பதாக வைத்தியர் கூறினால், வீடே கவலையில் ஆழ்ந்துவிடுகிறது. பிள்ளை பிறந்து, சர்க்கரையும் இறங்கிவிட்டது என்று கேட்டதும், கவலையோடு வைத்தியச் சீட்டையும் பரணில் ஏற்றிவிடுகின்றனர். அந்தச் சீட்டைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில பொருள்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடு செய்துவிடும். அது இயலாதவர்க்கே இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. பிரசவத்தோடு தடை நீங்குகிறது. கணையத்தின் பலவீனமோ நீங்குவதில்லை. இத்தகைய தாய்மார்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றவரைக் காட்டிலும் ஏழு மடங்குக்குக் குறையாது என்று 2009-இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்த ஆய்வு கண்டது.

குழந்தைக்கும் இதில் பங்குண்டு. தாயின் சர்க்கரை சிசுவுக்குச் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. ஆகவே சிசுவின் கணையமே மிகையாக உழைக்க, சிசு அளவுக்கு மீறிப் பருக்கிறது. அமெரிக்காவில் பீமா பழங்குடியினரிடையே நடைபெற்று 2000-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒரே தாயின் மக்களுள், அவளுக்கு நீரிழிவு வருமுன் பிறந்தவரைவிடப் பின் பிறந்தவர்க்கே அந்நோய் மிகுதியாகக் கண்டது. எல்லாம் பரம்பரை என்று கைகழுவுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னை டாக்டர் வி. சேஷையா போன்றோரின் முயற்சியால், கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்யும் ஏற்பாடு 2007-இல் நம் மாநிலத்தில் வந்தது. 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்க்கிறார்கள். இதே சோதனையைப் பிரசவமான ஆறாம் வாரத்திலும் செய்ய வேண்டும். இதுதான் தவறிப் போகிறது. பெண் அப்போது தாய் வீட்டில் இருப்பாள். சீட்டு புகுந்த வீட்டில் இருக்கும். குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போட மட்டும் எவரும் மறப்பதில்லை. அன்று காலை தாய் வெறும் வயிற்றோடு சென்றால் இரு காரியங்களும் ஒருங்கே முடியும். பின்னர் ஆண்டுதோறும் பார்த்துவருதல் நலம்.

சோதித்து என்ன பயன் என்று கேட்கும் மாமியார்களும் உளர். கர்ப்பத்தில் சர்க்கரை கண்டு, பின்னர் நீரிழிவின் விளிம்பில் நின்ற அமெரிக்கப் பெண்கள் உடல் எடையைக் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடந்து வந்ததில், நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நாள் முழுதும் தறியில் உட்காரும் சகோதரி, வேலைதான் செய்கிறோமே என்று நடையை விட்டுவிடலாகாது. தாய்ப்பால் ஊட்டுதலும் தாய்க்கு நன்மையே.

சீட்டைப் பரணிலிருந்து எடுத்துச் சங்கப் பாஸ் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.