ஏடும் செவியும்

தாயகம் விட்டு வெளிமாநில நகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பாட்டு ஆசிரியர் வாய்ப்பது எளிதன்று. ஆதலால் சுரப்படுத்திய புத்தகத்தைக் குழந்தையிடம் கொடுத்து அமைதியடைகிறோம். அது போதுமா?

எழுத்தைக் குறைகூறுதல் நோக்கமன்று. சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யைத் தெலுங்கில் வெளியிட்டதால், முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் பல நமக்கு நிலைத்தன. கமகங்களுக்கும் அதில் தனிக் குறிகள் உண்டு.

ஆயினும், தோடிக்கும் கரகரப்பிரியாவுக்கும் ஏட்டில் காண்பது ஒரே சாதாரண காந்தாரம். பாடும்போதோ, தோடியின் காந்தாரம் தனக்கே உரிய அசைவுடன் ஒலிக்கிறது. அவ்வசைவைச் செவியே கற்பிக்கும். கால அட்டவணை வண்டி நிற்கும் நிலையங்களைக் கூறும். வழியிலுள்ள வளைவுகளைக் கூறுமோ?

எனவே பெற்றோர், தேர்ந்த வித்துவானின் ஒலிப்பதிவை முதலில் பல நாள் கேட்கச் செய்க. குழந்தை தானே முணுமுணுக்கத் தொடங்கிய பின்னர்ப் புத்தகத்தைத் திறக்கட்டும். இல்லையேல், ஊரில் பாட்டியார் பாடும் பாட்டும் இங்கே பேத்தி பாடும் பாட்டும் பெயரளவிலேயே ஒன்றாயிருக்கும். செவி பெற்றதை மறவாமற் காக்க ஏடு துணை நிற்கும்.