தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம், 2003

தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம், 2003 என்பது மாநில அரசின் பற்றாக்குறைக்கு வரம்பு விதிக்கும் சட்டம் ஆகும். இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய இந்திய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

இருவகைப் பற்றாக்குறை

ஊதியம், ஓய்வூதியம், மானியம், வட்டி முதலிய அன்றாடச் செலவுகள் வருவாய்க் கணக்கைச் சேர்ந்தவை. இவை வரி முதலிய வருவாயை விஞ்சினால் அது வருவாய்ப் பற்றாக்குறை எனப்படும். அணை, சாலை போன்ற மூலதனச் செலவுகளையும் சேர்த்து, ஓராண்டில் கடன் மூலம் ஈடுசெய்யப்பட வேண்டிய தொகை நிதிப் பற்றாக்குறை ஆகும். முன்னதை நீக்குவதும், பின்னதை மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் வைப்பதும் சட்டத்தின் இலக்குகளாகும்.

தருமபுரி மாவட்ட எடுத்துக்காட்டு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாக உள்ளது. இது பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும். இதற்குத் தீர்வாக, காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ரூ. 1,928.80 கோடி மதிப்பில், ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. இக்கடனால் நிலையான சொத்து ஒன்று உருவானது. ஆயினும் கடனுக்கான வட்டி வருவாய்க் கணக்கிலிருந்தே செலுத்தப்பட வேண்டும். அன்றாடச் செலவுகளுக்கே கடன் வாங்கும் அரசுக்கு இத்தகைய திட்டங்களுக்கான வாய்ப்பு சுருங்கிவிடும்.

பின்னணியும் எதிர்ப்பும்

1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஊதியத் திருத்தத்தால் ஊதிய, ஓய்வூதியச் செலவுகள் பெருகின. 2001 இல் நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கை வெளியிடப்பட்டது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் அறிமுகமானது. சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2003 சூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபின் பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். சிக்கனத்தின் சுமையை யார் ஏற்பது என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

விளைவுகள்

2005-06 நிதியாண்டில் வருவாய்க் கணக்கு உபரியானது. வரி வருவாய் உயர்ந்ததும் இதற்கு ஒரு காரணமாகும். பன்னிரண்டாவது நிதிக்குழு, இத்தகைய சட்டம் இயற்றிய மாநிலங்களுக்கு மத்திய அரசின் கடனில் சலுகை அளிக்கப் பரிந்துரைத்தது.

2013-14 முதல் மீண்டும் பற்றாக்குறை தொடர்ந்தது. 2021 ஆகத்து 9 அன்று வெளியான மற்றொரு வெள்ளை அறிக்கை, 2020-21 ஆம் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறையை ரூ. 61,320 கோடி என்றும், ஒரு குடும்பத்தின் மீதான பொதுக்கடனை ரூ. 2,63,976 என்றும் கணக்கிட்டது. கொரோனாப் பெருந்தொற்று அவ்வாண்டின் பற்றாக்குறையைப் பெருக்கியது. எனினும் பற்றாக்குறை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சட்டத்தில் இலக்கு எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது. வருவாயும் அதற்கேற்ப வளர வேண்டும் என்பதை இது காட்டுகிறது.