திடீரென இருளும் கணினித் திரை: தரவுகளை இழக்காமல் சரிசெய்வது எப்படி?

புதுடெல்லி: மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் தாக்கல் செய்வோருக்கு 20ஆம் தேதியே வழக்கமான கடைசி நாள். அன்று மாலை, சிறு வணிகர்களின் கணக்குகளைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் மேசைக் கணினியின் திரை எந்த முன்னறிவிப்பும் இன்றி இருண்டுவிட்டால் என்ன ஆகும்? தாமதக் கட்டணம் ஒருபுறம் இருக்க, அந்த ஒரே கணினியில் சேமித்துள்ள பல ஆண்டுக் கணக்குகள் என்னவாகும் என்ற அச்சமே மேலோங்கும். பதற்றத்தில் பலரும் பவர் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகின்றனர். அதுவே சிறிய கோளாறைப் பெரிதாக்கிவிடக்கூடும்.

திரை இருண்டது என்பதாலேயே கணினி பழுதாகிவிட்டது என்று பொருளல்ல. மானிட்டர், கேபிள், கிராபிக்ஸ் அட்டை, விண்டோஸ் மென்பொருள், ரேம், மின்சாரம் ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

கணினி இயங்குகிறதா?: இதை அறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்த வேண்டும். அதன் விளக்கு எரிந்து, மறுமுறை அழுத்தும்போது அணைந்தால், கணினி உள்ளே இயங்கிக்கொண்டிருக்கிறது. காட்சி மட்டுமே வரவில்லை. அந்நிலையில் ஏற்கெனவே பெயரிட்டுத் திறந்து வைத்திருந்த கோப்பை, கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்திக் காணாமலேயே சேமித்துவிடலாம். அடுத்ததாக விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். இது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்கச் செய்யும். திறந்துள்ள கோப்புகள் மூடப்படுவதில்லை. ஒரு சிறு ஒலியுடன் திரை மீண்டும் ஒளிர்ந்தால் சிக்கல் அங்கேயே முடிந்தது.

பவர் பொத்தானைப் பல விநாடிகள் தொடர்ந்து அழுத்திக் கணினியை அணைப்பது, வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டியது.

மானிட்டரும் கேபிளும்: மானிட்டரின் சிறிய விளக்கு எரிந்து, 'சிக்னல் இல்லை' என்ற செய்தி தோன்றினால் மானிட்டர் நலமாக உள்ளது என்று கொள்ளலாம். எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ கேபிளின் இரு முனைகளையும் கழற்றி இறுக்கமாகச் செருக வேண்டும். தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்து மேசையை நகர்த்திய பிறகு வரும் 'பழுதுகள்' பல இத்தகையவையே. தனி கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியில், கேபிளை அந்த அட்டையில் செருகாமல் மதர்போர்டின் துளையில் செருகினாலும் காட்சி வராமல் போகலாம்.

திரை முற்றிலும் இருண்டிருக்கும்போது டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்ப்பதும் பயன் தரும். மங்கலாகப் படம் தெரிந்தால் மானிட்டரின் பின்னொளி மட்டும் பழுதாகியுள்ளது.

இருண்ட திரையில் மவுஸ் அம்பு மட்டும் நகர்ந்தால் அது மென்பொருள் சிக்கல். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய பணியாக எக்ஸ்ப்ளோரரை இயக்கினால் பெரும்பாலும் முகப்புத் திரை திரும்பிவிடும்.

மின்சாரமும் வெப்பமும்: கணினியை மட்டும் யுபிஎஸ்ஸில் இணைத்து, மானிட்டரை நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மின்சாரம் ஒரு கணம் தடைபட்டால் திரை மட்டும் இருளும். மாறாக, விசிறியும் சேர்ந்து நின்றால் வலுவிழந்த யுபிஎஸ் பேட்டரி அல்லது எஸ்எம்பிஎஸ் மீது ஐயம் கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் உள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். சிறிது நேரம் இயங்கிய பிறகே கணினி அணைகிறது என்றால், பிராசசர் விசிறியில் படிந்த தூசும் அதனால் ஏறும் வெப்பமும் காரணமாக இருக்கலாம்.

விசிறி சுழன்றும் காட்சி வராமல், பீப் ஒலி மட்டும் கேட்டால் ரேம் சரியாகப் பொருந்தாமல் இருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு ரேமைக் கழற்றி மீண்டும் பொருத்தலாம். அதன் பொன்னிற முனைகளை மென்மையான அழிப்பானால் துடைப்பது பழுதுபார்ப்போரின் பழைய உத்தி. பல வேளைகளில் அது பலிக்கிறது.

தரவுகளுக்கு என்ன ஆகும்?: ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி வேறு, காட்சி தரும் பாகங்கள் வேறு. எனவே திரை இருண்ட கணினியிலும் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். உண்மையான இழப்பு பழுதுபார்க்கும் மேசையில்தான் நேர்கிறது. 'ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்' என்ற சொல்லுக்கு உடனே தலையசைக்கக் கூடாது. முதலில் வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, கோப்புகளைப் படியெடுத்துத் தருமாறு கேட்பதே முறை.

இதில் ஒரு தடை வரலாம். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். வட்டை வேறு கணினியில் இணைத்தாலோ, மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்க பிட்லாக்கர் மீட்புக் குறியீடு கேட்கப்படும். அது பொதுவாக உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இயங்கும்போதே அதைத் தாளில் எழுதி வைக்கலாம்.

போலி எச்சரிக்கை: திரை முழுவதையும் மறைத்து, 'கணினி முடக்கப்பட்டது' என்ற வாசகமும் தொலைபேசி எண்ணும் தோன்றினால் அது பழுதே அல்ல, மோசடி. எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தோ, ஆல்ட் மற்றும் எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்தியோ பிரவுசரை மூடலாம். தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் ஏமாற்றிய அழைப்பு மையங்கள் மீது 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' நடவடிக்கையை மேற்கொண்டது. பணம் இழந்தவர்கள் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

மாதக் கணக்குத் தாக்கலைப் பொறுத்தவரை, ஜிஎஸ்டி தளத்தை எந்தக் கணினியிலிருந்தும் அணுகலாம். நிறுவனங்களுக்குக் கட்டாயமான டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கனையும், உரிய மென்பொருளை நிறுவிய வேறு கணினியில் செருகிப் பயன்படுத்த முடியும். பழுது பார்க்கும் பணியை மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்கலாம்.